சுட்டின் சுட்டும் நிலைத்த கோப்பும்

தமிழிலக்கணம் பயிலும் மாணாக்கர் கணிப்பொறிக்குரிய சி மொழியைப்பற்றி எழுதப் புகுதல் நேயர் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயின் அம்மொழியைக் கற்பார் மிகவும் இடர்ப்படும் பகுதி யாதென வினவின், அது நம் இலக்கணத்தின் தொடக்கப் பாடங்களிலேயே பெயர்பெற்று நிற்கும் ஒன்றாகும். ஆங்கிலத்தார் 'பாயின்டர்' என வழங்குவதை நம்மவர் 'சுட்டு' என மொழிபெயர்த்தனர். அப்பெயர், இட்டவர் கருதியதினும் பொருத்தமுடையது. ஒரு சுட்டினைக் கோப்பிலே எழுதிவைத்தல் தகுமோ, தகாதோ என்னும் வினாவுக்கு அப்பெயரிலேயே விடை அடங்கியுள்ளது. அவ்விடையை அறியாமையால் மாணவர் தம் உழைப்பு வீணாகின்றது என்பதும், அதனை வகுப்பிலே தெளிவுறக் கற்பித்தல் வேண்டும் என்பதும் எம் கருத்து. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சுட்டு இன்னதென்பதைக் காண்போம். சி மொழி 1970-ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில், டென்னிஸ் ரிட்சி என்பவரால் யூனிக்ஸ் இயங்குதளத்தின்பொருட்டு ஆக்கப்பெற்றது. 1978-இல் பிரையன் கெர்னிகனும் அவரும் சேர்ந்து எழுதிய நூலின் வழியாக அஃது எங்கும் பரவியது. அம்மொழி நினைவகத்தை நம்மிடமிருந்து மறைப்பதில்லை. நினைவகத்தை ஒரு நீண்ட தெருவாகக் கொள்க. அத்தெருவில் ஒவ்வொரு வீடும் ஒரு பைட். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவிலக்கம் உண்டு. அவ்விலக்கமே முகவரி. ஒரு வீட்டின் முகவரியைத் தாங்கிய சீட்டே சுட்டு எனப்படும். அச்சீட்டும் எங்கேனும் ஒரு வீட்டில் வைக்கப்படுதல் வேண்டுமன்றோ? அவ்வீட்டின் முகவரியைத் தாங்கிய மற்றொரு சீட்டு, சுட்டின் சுட்டு ஆகும். முன்னதற்கு ஓர் உடுக்குறியும் பின்னதற்கு ஈருடுக்குறியும் இட்டெழுதுதல் சி மொழியின் வழக்கு.

இனிக் கோப்பினை நினைவகத்தில் விரித்தல் என்பது யாதெனின், கூறுதும். கோப்பினைப் படிப்பதற்குப் பொதுவாக வழங்கும் முறை, வட்டிலுள்ள செய்தியைச் சிறிது சிறிதாக நம் நினைவிடத்துக்குப் படியெடுத்தலாகும். மற்றொரு முறை 'எம்மேப்' என்னும் அழைப்பு. இக்கோப்பினை என் முகவரிகளின் வரிசையில் ஓரிடத்தே விரித்துத் தருக என நிரல் வேண்டினால், இயங்குதளம் அவ்வாறே செய்து, விரித்த இடத்தின் தொடக்க முகவரியைக் கையில் அளிக்கும். அதன்பின் அக்கோப்பு நினைவகத்தின் ஒரு பகுதியே போலத் தோன்றும். அதன் ஆயிரமாவது எழுத்து வேண்டுமெனின், தொடக்கத்தோடு எண்ணைக் கூட்டி நேரே சென்று காணலாம். முழுக் கோப்பும் ஒருங்கே ஏற்றப்படுவதில்லை. தொட்ட பக்கம் மட்டுமே வரும். பல கணிப்பொறிகளில் ஒரு பக்கம் 4096 பைட் அளவினது. மிகப் பெரிய கோப்பும் இங்ஙனம் எளிதிற் கைப்படுதலின், அகராதியும் சொல்லடைவும் தொகுப்பார்க்கு இஃது அரியதோர் உதவி.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். திருக்குறள் 1330 பாக்களும் ஒரு வரிக்கு ஒரு குறளாக எழுதப்பெற்ற ஒரு கோப்பு உளதாகக் கொள்க. குறள் ஒவ்வொன்றும் ஏழு சீர் உடையதே. எனினும் கணிப்பொறி சீரை எண்ணுவதில்லை, பைட்டையே எண்ணும். இக்காலத்துப் பெரிதும் வழங்கும் யுனிகோட்டின் யுடிஎஃப்-8 முறையில் 'க' என்பது 3 பைட் கொள்ளும். புள்ளியைத் தனியே எண்ணுதலின் 'க்' என்பது 6 பைட் கொள்ளும். மெய்யினும் உயிர்மெய் பெரிதென நாம் எண்ணியிருக்க, கோப்பிலே மெய் அகரவுயிர்மெய்யினும் பெரிதாகின்றது! ஆகவே குறள்தோறும் நீளம் வேறுபடும். அறுநூறாவது குறள் எங்கே தொடங்கும் என்பதனைப் பெருக்கிக் கணக்கிட இயலாது. முதலிலிருந்து வரிமுடிவுகளை எண்ணிச் செல்லல் வேண்டும். அன்றேல் ஒவ்வொரு குறளின் தொடக்கத்தையும் குறித்த ஓர் அட்டவணை வேண்டும்.

இவ்வட்டவணை அமைப்பதிலேதான் சுட்டின் சுட்டு தன் முழு மாண்பினைக் காட்டுகின்றது. கோப்பினை விரித்தபின் அதனை ஒருமுறை நோக்கிச் சென்று, ஒவ்வொரு குறளின் முகவரியையும் ஒரு வரிசையில் இடுகின்றோம். ஒரு முகவரிக்கு 8 பைட் வீதம் 1330 முகவரிகட்கு 10,640 பைட் போதும். அவ்வரிசையின் தொடக்கத்தைக் காட்டுவது சுட்டின் சுட்டேயாம். குறள்களை முதற்குறிப்பு முறையில் அடுக்க விரும்பினால், பாட்டினை இடம்பெயர்க்க வேண்டுவதில்லை; அட்டவணையிலுள்ள முகவரிகளை மாற்றி அடுக்கினாற் சாலும். மூலக்கோப்பு ஓரெழுத்தும் மாறாது கிடக்கும். சி மொழியின் 'கியூசார்ட்' என்னும் அடுக்குமுறை, ஒப்புநோக்குதற்குத் தருவது உறுப்பின் முகவரியையே ஆதலின், அங்கும் நம் கைக்கு வருவது சுட்டின் சுட்டே. ஒப்புநோக்கும் பகுதியை எழுதுவார்க்குத் தமிழறிவும் வேண்டும். யுனிகோட்டு வரிசையில் னகரம் நகரத்தையும், ழகரம் ளகரத்தையும் அடுத்து நிற்றலின், எண்வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை ஆகாது.

இத்துணையும் நன்றே. இடர் இதன்மேற்றான் தொடங்குகின்றது. அட்டவணையை ஒவ்வொரு நாளும் புதிதாக ஆக்குவானேன்? ஒருமுறை ஆக்கியதைக் கோப்பின் இறுதியிலேயே எழுதிவைத்தால் மறுநாள் விரித்தவுடன் ஆயத்தமாயிருக்குமே என்னும் எண்ணம் எவர்க்கும் எழும். சுறுசுறுப்புடைய மாணவர்க்கு அது விரைந்தே எழும். அங்ஙனமே 1330 முகவரிகளையும் கோப்பிலே எழுதுகின்றார். அன்று எல்லாம் செவ்வனே நடக்கும். மறுநாள் அதே நிரல், அதே கோப்பினை, அதே பொறியில் விரிக்கும். ஆனால் இயங்குதளம் அதனை வேறோர் இடத்தே விரித்திருக்கும். எழுதப்பெற்ற முகவரிகள் நேற்றைய தெருவின் கதவிலக்கங்கள். இன்று அவ்விலக்கங்களில் வீடே இல்லாதிருக்கலாம். அப்பொழுது நிரல் அந்நொடியே வீழும். வேறொருவர் வீடு இருக்குமாயின் அது வீழ்வதினும் கேடு. ஏனெனின் நிரல் வீழாது, குறளென்று கருதி வேறெதனையோ எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும்.

ஏன் இடம் மாறுகின்றது என வினவலாம். எங்கே விரிப்பது என்பதனை நாம் வரையறுத்துக் கூறாதவழி, அதனைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இயங்குதளத்தினுடையது. முற்காலத்தே அது பெரும்பாலும் ஒரே இடத்தைத் தேர்ந்தமையின் இப்பிழை நெடுநாள் மறைந்து கிடத்தலும் உண்டு. பின்னர், நிரலின் உறுப்புகள் எங்கெங்கு உள்ளன என்பதனை முன்னறிந்து தீயோர் தாக்காவண்ணம், முகவரிகளை வேண்டுமென்றே கலைத்தளிக்கும் காவல் முறை வந்தது. ஓபன்பிஎஸ்டி 2003-லும், லினக்ஸ் 2005-லும், விண்டோஸ் 2007-இல் வெளிவந்த விஸ்டா பதிப்பிலும் அதனை மேற்கொண்டன. ஆதலின் இன்று 'நேற்று இருந்த இடத்தே இன்றும் இருக்கும்' என நம்புதற்கு யாதொரு நியாயமும் இல்லை.

ஈண்டு நம் இலக்கணத்தை நினைவுகூர்தல் தகும். அகரச் சுட்டுச் சேய்மையையும், இகரச் சுட்டு அண்மையையும், உகரச் சுட்டு இடைமையையும் காட்டும் என்று கற்றுள்ளோம். எவர்க்குச் சேய்மை, எவர்க்கு அண்மை? பேசுவோர்க்கு. பேசுவோர் நிற்கும் இடம் அறியாதார்க்கு 'அவ்வீடு' என்னும் சொல் ஒன்றும் உணர்த்தாது. எதிரில் நிற்பவரிடம் 'அங்கே வைத்துள்ளேன்' என்றால் போதும். அதனையே ஒரு மடலில் எழுதி வேற்றூர்க்கு விடுத்தால் படிப்பவர் எங்கே சென்று தேடுவார்? கணிப்பொறியின் முகவரியும் அத்தகையதே. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலே அதனைப் பேசுவோர். அந்நிரல் முடிந்தவுடன் அச்சுட்டின் பொருளும் முடிந்தது. கோப்போ வேறொரு நாளில், வேறொரு நிரல், வேறொரு பொறியிலிருந்து படித்தற்காக எழுதப்படும் மடல். பேச்சுக்குரிய சுட்டினை மடலில் எழுதுதல் பிழை என்பது எம் துணிபு.

சுட்டின் சுட்டினைக் கோப்பில் எழுதின் இப்பிழை இரட்டிக்கும். அட்டவணை எங்குள்ளது என்னும் முகவரியும் பொய். அவ்வட்டவணையினுள் உள்ள முகவரிகளும் பொய். சிலர் முதற் பொய்யினைக் கண்டறிந்து அதனை மட்டும் திருத்திவிட்டு, அட்டவணை கிடைத்துவிட்டதென மகிழ்வர். கிடைத்த அட்டவணையின் உறுப்புகள் ஒவ்வொன்றும் நேற்றைய தெருவையே சுட்டிக்கொண்டிருத்தலை அவர் நோக்குவதில்லை. உடுக்குறி எத்தனையோ அத்தனை படியிலும் மெய்ம்மை வேண்டும்.

எனின், செய்யற்பாலது யாது? முகவரியை எழுதாது தொலைவினை எழுதுக. இக்குறள் கோப்பின் தொடக்கத்திலிருந்து இத்தனையாவது பைட்டில் உளது என்பது எந்நாளும், எப்பொறியிலும் மாறாத மெய். ஓலைச்சுவடி எழுதினோர் ஓரத்தே ஏட்டெண் இட்டுவைத்ததும் இக்கருத்துப் பற்றியே; கயிறு அறுந்து ஏடுகள் சிதறினும் எண்ணால் மீண்டும் கோக்கலாம். கோப்பினை விரித்தபின் கிடைக்கும் தொடக்க முகவரியோடு தொலைவினைக் கூட்டினால், அன்றைய முகவரி அந்நொடியே பிறக்கும். கோப்பின் தலைப்பகுதியில் அட்டவணையின் தொலைவினை எழுதுக. அட்டவணையினுள் குறள்களின் தொலைவுகளை எழுதுக. இருபடிச் சுட்டு செய்த பணியனைத்தும் இருமுறை கூட்டலால் முற்றுப்பெறும். தலைப்பகுதியே தொடக்கத்தில் இருத்தலின் 0 என்னும் தொலைவு எக்குறளுக்கும் உரியதன்று. ஆதலின் 'யாதும் இல்லை' என்பதற்கு அதனையே குறியாகக் கொள்ளலாம்.

தொலைவெழுதுவார் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள் சில உள. எண்ணின் அகலத்தை வரையறுத்தல் ஒன்று. முகவரி 32-பிட் பொறியில் 4 பைட்டும் 64-பிட் பொறியில் 8 பைட்டுமாக வேறுபடும், வரையறுத்த எண்ணோ வேறுபடாது. எண்ணின் பைட்டுகளை எம்முனையிலிருந்து எழுதுவது என்பதனை முடிவுசெய்து கோப்பின் விளக்கத்திலே குறித்தல் மற்றொன்று. படிக்கும்பொழுது, தொலைவு கோப்பின் நீளத்துக்கு உட்பட்டதோ எனச் சோதித்தல் பிறிதொன்று. கோப்பின் எல்லைக்கு அப்பாலுள்ள பக்கத்தைத் தொட்டால் இயங்குதளம் நிரலை நிறுத்திவிடும். எம்மேப் தோல்வியுற்றால் தருவது வெற்றுச் சுட்டு அன்று, தோல்விக்கென அமைந்த தனிக்குறி என்பதனையும் மறவாதிருத்தல் வேண்டும்.

எம் கருத்துக்கு மாறாகக் கூறப்படும் தடைகளையும் ஆராய்வோம். கோப்பினை எப்பொழுதும் ஒரே முகவரியில் விரிக்குமாறு கட்டளையிடலாமே என்பர் ஒருசாரார். அத்தகைய கட்டளை உண்டு. ஆயின் அவ்விடத்தே முன்னரே வேறொன்று விரிக்கப்பட்டிருப்பின், ஒரு சொல்லும் கூறாது அதனை அழித்துவிட்டுக் கோப்பினை விரிப்பது அதன் இயல்பு. 2018-இல் வந்த லினக்ஸ் 4.17 பதிப்பு, இடம் ஒழியாதவழி மறுத்துவிடும் மென்மையான கட்டளை ஒன்றனையும் சேர்த்தது. மறுத்தபின் யாது செய்வது? முகவரியை நம்பிய கோப்பு அன்று படிக்கப்படாதே கிடக்கும்.

விரித்தவுடன் முகவரிகளையெல்லாம் புதிய இடத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளலாமே என்பர் வேறொருசாரார். திருத்தலாம், ஆனால் அதற்காக அட்டவணைப் பக்கங்கள் அனைத்தையும் தொடுதல் வேண்டும். தொட்டதை மட்டும் ஏற்றும் சிக்கனமே எம்மேப்பின் பெரும்பயன். அப்பயன் அங்கே ஒழிந்தது. தனிமுறையில் விரித்தால் திருத்திய பக்கம் ஒவ்வொன்றுக்கும் படியெடுக்கப்படும். பொதுமுறையில் விரித்தாலோ நம் திருத்தம் கோப்பிலேயே பதிந்து, அதே வேளையில் அதனைப் படிக்கும் மற்றொரு நிரலைக் கெடுக்கும். கூட்டலால் காலம் வீணாகுமே என்பார்க்கு, ஒரு கூட்டல் பொறிக்கு மிகச் சிறு வேலை என்பதே விடை.

அட்டவணையை நாள்தோறும் புதிதாக ஆக்குவதே மேல் என்பார் உளராயின் அவரோடு யாம் வழக்காடோம். 1330 வரிகளை நோக்குதற்கு ஆகும் காலம் கண்ணிமைப்பொழுதினும் குறைவு. சிறிய கோப்புக்கு அதுவே சாலச் சிறந்தது. பெரிய கோப்புக்குத் தொலைவு அட்டவணை எழுதுக. இவ்விரண்டுமன்றி மூன்றாவதாகிய முகவரி எழுதும் முறை எவ்விடத்தும் வேண்டற்பாலதன்று.

இதனால் யாம் சுட்டின் சுட்டினைப் பழிப்பதாக எவரும் கருதற்க. அதற்குரிய இடம் ஓடும் நிரலின் அகம். 1984-இல் வெளிவந்த மேகின்டாஷ் பொறி அதற்கு நல்லதொரு சான்று. அப்பொறியின் நினைவகம் சிறிது; இடையிடையே வெற்றிடம் தோன்றாவண்ணம் பொருள்களை அவ்வப்பொழுது நகர்த்தி நெருக்க வேண்டியிருந்தது. ஆதலின் நிரல்களுக்குப் பொருளின் முகவரியைத் தராது, அம்முகவரி எழுதப்பெற்ற இடத்தின் முகவரியைத் தந்தனர். பொருளை நகர்த்தினால் அவ்வோரிடத்தே மாற்றினால் போதும். சுட்டின் சுட்டு வைத்திருந்தார் யாவரும் புதிய இடத்தைத் தாமே அடைவர். எம்மேப்பிலும் இந்நிலை நேரும். கோப்பு வளர, லினக்ஸில் 'எம்ரீமேப்' என்னும் அழைப்பால் விரிப்பினைப் பெரிதாக்க முயன்றால், இடம் போதாதவழி அது முழுதும் வேறிடத்துக்குப் பெயர்தற்கு நாம் இசைவு தரலாம். அப்பொழுது தொடக்க முகவரியை ஒரே இடத்தில் வைத்து, நிரலின் மற்றப் பகுதிகட்கு அதன் சுட்டினை மட்டும் அளித்திருந்தால் கேடு விளையாது. கோப்பினுள் தொலைவு, நிரலினுள் சுட்டின் சுட்டு என்பதே யாம் வேண்டும் ஒழுங்கு.

பெருநூல் ஆக்கினோரும் இவ்வழியே சென்றனர். 2000-இல் தோன்றி இன்று கைப்பேசிகளிலெல்லாம் இடம்பெற்றிருக்கும் எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளம், தன் கோப்பினுள் ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றைக் குறித்தற்கு 4 பைட் பக்க எண்ணையே எழுதுகின்றது. ஆதலின் ஒரு பொறியில் எழுதிய அக்கோப்பினை வேறினத்துப் பொறியிலும் திறக்கலாம். 2011-இல் வந்த எல்எம்டிபி முழுத் தரவினையும் எம்மேப்பால் விரித்தே படிப்பது. அதுவும் பக்க எண்ணையே நம்புகின்றது. நிலைத்த முகவரியில் விரிக்கும் வாய்ப்பொன்று அதில் உண்டெனினும், அது சோதனை நிலையிலுள்ளது என ஆக்கியோரே எச்சரித்துள்ளனர்.

இவையெல்லாம் தமிழ் மாணவர்க்கு எதற்கு என்பார்க்கு ஒன்று கூறுவோம். யுனிகோடு பரவுமுன் நம் தமிழ் பாமினி, டாம், டாப் எனப் பற்பல முறைகளில் தட்டச்சிடப் பெற்றது. டாம், டாப் இரண்டையும் 1999-இல் தமிழ்நாட்டு அரசே தரப்படுத்தியது. 2010-இல் யுனிகோட்டினை மேற்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் எழுதிய கோப்புகளுள் பல, உரிய எழுத்துரு இன்றித் திறந்தால் பொருளற்ற குறிகளாய்க் காட்சியளிக்கின்றன. எழுத்து உளது, அதனை உணர்தற்குரிய திறவுகோல் கோப்புக்குப் புறத்தே கிடந்தமையின் பொருள் மறைந்தது. முகவரி எழுதிய கோப்பின் நோயும் இதுவே. ஒருமுறை பட்ட துன்பத்தை, சொல்லடைவும் அகராதியும் புதிதாகத் தொகுக்கும் இத்தலைமுறை மீண்டும் விலைகொடுத்து வாங்குதல் வேண்டுமோ?

நம் தேர்வுத் தாள்கள் ஈருடுக்குறி, மூவுடுக்குறி என அடுக்கி, விடை யாதென வினவுவதில் மகிழ்வன. அவ்வினாக்கள் கூர்மையை வளர்க்கும், யாம் மறுக்கவில்லை. ஆயின் அவற்றோடு, இச்சுட்டு யாருடைய தெருவைச் சுட்டுகின்றது, எவ்வளவு காலம் மெய்யாயிருக்கும், நிரல் முடிந்தபின் இதனைப் படிப்பவர் யாவர் என்னும் மூன்று வினாக்களையும் ஆசிரியப் பெருமக்கள் சேர்த்து வினவுவாராக. கணிப்பொறித் துறையினரும் தமிழ்த் துறையினரும் கூடி ஒரு சிறு நூலுக்கேனும் சொல்லடைவு ஆக்கி, அதன் கோப்பமைப்பினைத் தமிழிலே விளக்கி நூலகத்தில் வைப்பாராயின், பின்வரும் மாணவர் அதனை எப்பொறியிலும் திறந்து பயன்கொள்வர். பேசும்பொழுது சுட்டுக, எழுதும்பொழுது இடத்தை எண்ணிக் குறிக்க. நாம் எழுதும் கோப்பினைப் படிப்பவர் நாம் நிற்கும் இடத்தே நிற்பாரல்லர்.